அப்பா வாயில் வந்த முதல் சொல் 'கடவுளே'

டெல்டா பக்கத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 41 வயது ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 72 வயது. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வயதில் கறுப்புச் சட்டை போட்டவர், இன்றுவரை கழற்றவில்லை. தாலி இல்லாத திருமணம், சாமி படம் இல்லாத வீடு, அலமாரி நிறைய மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். அறுபதாவது வயதில் தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தருவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஏழு வாரங்களுக்கு முன் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒன்பதாம் நாள் நர்ஸ் ஊசி குத்தியபோது முதல்முறையாக வாய் திறந்தார். வந்த சொல், "கடவுளே!" இன்றுவரை அவர் வாயில் தெளிவாக வருவது அதுவும், "அய்யய்யோ"வும், "சரி சரி"யும்தான்.

அப்பாவின் அக்கா, அதாவது வாசகியின் அத்தை, "எந்தம்பி திருந்திட்டான், இனிமே அவனைத் தடுக்கறது பாவம்" என்று நெற்றியில் திருநீறு பூசினார். அப்பா இடது கையைத் தூக்கித் துடைத்தார். அத்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. "கடவுளே" என்று அவர் சொல்வதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். வாசகியின் தம்பி சும்மா இருப்பாரா? அப்பா முன்னால் உட்கார்ந்து "கடவுள் இல்லை, கடவுள் இல்லை..." என்று சொல்லி நிறுத்தினார். அப்பா "இல்லவே இல்லை" என்று முடித்தார். அந்த வீடியோவும் குழுவுக்குப் போனது. அதன் கடைசி சில நொடிகளில் அப்பா அழுகிறார்.

இதற்கிடையில் அங்குள்ள ஸ்பீச் தெரபிஸ்ட், "கடவுளே என்று தானாக வருகிறதே, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிப் பயிற்சியைத் தொடங்கலாம்" என்றாராம். தம்பி கொதித்துப்போய்ப் பயிற்சியையே நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. அத்தையோ உடல்தானக் காகிதத்தைக் கிழித்துவிடச் சொல்கிறார்.

வாசகிக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. அப்பாவை ஐசியுவுக்குள் கொண்டுபோன இரவு, வாசலில் நின்று இவர் "முருகா, முருகா" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். தம்பி அதைக் கேட்டிருக்கிறார். "அப்பா மனம் மாறிவிட்டாரா? நான் அவருக்குத் துரோகம் செய்துவிட்டேனா? டாக்டர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

---

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை. உங்கள் தம்பி விரட்டிவிட்ட அதே ரகம், பேச்சு சிகிச்சை செய்பவள். இருபது வருடமாக ஸ்ட்ரோக் வந்தவர்களின் வாயருகே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கட்சி சேர்க்க வேண்டாம். நான் சாமி கும்பிடுகிறவள். அப்படி இருந்தும் சொல்கிறேன், உங்கள் அப்பாவின் "கடவுளே" பக்தி இல்லை. அதை அத்தையிடம் தாராளமாகப் படித்துக் காட்டலாம்.

அது வாயில் இருந்த சொல், யோசித்த சொல் இல்லை

நாம் பேசுவது எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. "நாளைக்கு பேங்க்குக்குப் போய் பென்ஷன் எடுக்கணும்" என்று சொல்ல, சொற்களைத் தேடி, வரிசைப்படுத்தி, வாய்க்கு அனுப்ப வேண்டும். வலது கைப் பழக்கமுள்ள பெரும்பாலானவர்களுக்கு அந்த வேலை மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது. மூளையின் இடது பக்கம்தான் உடம்பின் வலது பக்கத்தை இயக்குகிறது, அதனால் அப்பாவுக்கு வலது கை கால் விழுந்திருப்பதே அடி இடது பக்கத்தில் என்று காட்டுகிறது. ஆனால் சுட்டுக்கொண்டால் வரும் "ஆ", தும்மினால் வரும் "ராமா", ஒன்று இரண்டு மூன்று, ஞாயிறு திங்கள் செவ்வாய், பழகிய பாட்டின் அடுத்த வரி, ஆத்திரத்தில் வரும் கெட்ட வார்த்தை, இவற்றை யாரும் தேடிக் கோப்பதில்லை. முழுசாகக் கட்டி வைத்த பொட்டலம் போல அப்படியே வந்து விழும். இதற்கு மூளையின் வேறு பகுதிகளும் துணை செய்கின்றன. அதனால் இடது பக்கம் அடிபட்டாலும் இந்தப் பொட்டலங்கள் தப்பிவிடுகின்றன.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1861இல் பாரிஸில் போல் ப்ரோக்கா என்ற மருத்துவர், "தான்" என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் பேச முடியாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அதே காலத்தில் லண்டனில் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், பேச்சிழந்தவர்களுக்கும் வசவும் வியப்புச் சொல்லும் மிஞ்சுவதைக் கவனித்து, அது பேச்சுக் கணக்கில் சேராது என்று பிரித்துக் காட்டினார். இப்படிப் பேச்சு போகும் நிலைக்கு மருத்துவப் பெயர் அஃபேசியா. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கும்.

உங்கள் வீட்டுக் கதைக்கு நேர் தலைகீழான கதை ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1866இல் பெல்ஜியத்தில் இருந்தபோது பக்கவாதம் வந்து பேச்சு போனது. சொற்களையே தொழிலாகக் கொண்டவருக்கு மிஞ்சியது "க்ரே நோம்" என்ற ஒன்றுதான். "தெய்வத்தின் புனிதப் பெயர்" என்பதன் தேய்ந்த வடிவம் அது. அந்த ஊரில் அது வசவு. அவரைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரிகள் தெய்வ நிந்தனை என்று பதறிப்போனார்கள். அவர் அதை வைத்துக்கொண்டுதான் பசி, வலி, சந்தோஷம், எரிச்சல் எல்லாவற்றையும் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். பிரஸ்ஸல்ஸில் அது பேயின் குரலாகக் கேட்டது, உங்கள் வீட்டில் பக்தியின் குரலாகக் கேட்கிறது.

அத்தைக்கு வெளிநாட்டுக் கவிஞர் வேண்டாம் என்றால் இதைச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். பிரதோஷம் தவறாதவர், வீட்டில் "சனியனே" என்றுகூட யாரையும் திட்டாதவர் என்றார் மருமகள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பாட்டி வாயில் வந்த ஒரே சொல்லை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. தண்ணீர் கொடுத்தாலும் அது, கொள்ளுப்பேரனைக் காட்டினாலும் அது. சொல்லிவிட்டுப் பாட்டியே கண்ணில் நீர் வழியத் தலையில் அடித்துக்கொள்வார். பேரன்கள் ஆள் வந்தால் அறைக் கதவைச் சாத்தினார்கள். மிஞ்சிய சொல்தான் உள்ளே இருக்கும் மனசு என்றால், அந்தப் பாட்டியை அத்தை என்னவென்று சொல்வார்?

தம்பியின் வீடியோவும் அதே கதைதான்

இங்கே உங்கள் தம்பிக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

"கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை" என்பது பெரியார் சிலைப் பீடங்களில் பொறித்த வாசகம். உங்கள் அப்பா அதை ஐம்பது வருடமாகக் கூட்டங்களில் சொல்லியிருப்பார். முதல் பாதியை எடுத்துக் கொடுத்தால் மறுபாதி தானாக வரும். "ஞாயிறு, திங்கள்..." என்று நிறுத்தினால் "செவ்வாய்" வருவது போலத்தான். செவ்வாய்க்கிழமையில் அவருக்குத் தனி நம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லையே. அத்தை எடுத்த வீடியோ அவர் ஆத்திகர் ஆகிவிட்டார் என்று காட்டவில்லை. தம்பி எடுத்தது அவர் இன்னும் நாத்திகர் என்று காட்டவில்லை. இரண்டும் காட்டுவது ஒன்றைத்தான்: அவருக்குத் தானாக வரும் பேச்சு மிச்சம் இருக்கிறது. எனக்கு அது நல்ல செய்தி. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த அழுகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சிலருக்குக் காரணமில்லாமலே அழுகையும் சிரிப்பும் பொங்கும். அது நரம்பின் கோளாறு. மருத்துவரிடம் சொன்னால் அதற்கு மருந்து உண்டு. ஆனால் காரணத்தோடும் அழுதிருக்கலாம். மேடை ஏறிப் பேசிய மனிதரைப் பிள்ளைக்குப் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பிக்க வைத்து, அதைக் கைபேசியில் பிடித்தால் யாருக்கும் அழுகை வரும். இரண்டு வீடியோவையும் குழுவிலிருந்து இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். தம்பியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அத்தையைவிட அவர் உங்கள் பேச்சைக் கேட்பார் என்று கடிதத்திலிருந்து தோன்றுகிறது.

உங்கள் 'முருகா'

இப்போது உங்களுக்கு. நீங்கள் எதையும் ஒளித்து வைத்திருந்து அன்று மாட்டிக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. சின்ன வயதில் உங்களைத் தூக்கி வளர்த்தது அப்பாவின் அம்மா என்றும், கால் இடறினாலும் "முருகா" என்பார் என்றும் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயத்துக்கு உங்களுக்கு முதலில் கிடைத்த சொல் அதுதான். கொள்கை அதற்குப் பல வருடம் கழித்து வந்தது. ஐசியு கதவு மூடும்போது முதலில் கிடைத்ததுதான் முதலில் வரும்.

நாத்திகர் பேச்சில் சாமி வரக்கூடாது என்று தம்பி சொல்கிறாராம். சரி, ஒரு நாள் அவர் பேசுவதைக் கூட இருந்து கேளுங்கள். கடன் வாங்கியவன் ஓடிவிட்டால் "காசு கோவிந்தா" என்பார். ஏமாற்றியவன் "பட்டை நாமம் போட்டுட்டான்". மேலதிகாரி கொடுத்தது "அர்ச்சனை". வேலையைத் தொடங்கினால் "பிள்ளையார் சுழி போட்டாச்சு". வம்பு வேண்டாம் என்றால் "சிவனேன்னு இருக்கேன்". முகம் சுளித்தால் "கருமம்". தெருநாய் காலை நொண்டினால் "பாவம்". வினைப்பயன் கணக்கில் பதிகிற ஒரு சொல், தமிழில் இரக்கத்துக்கு இதைவிட நல்ல சொல் இல்லை என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. இதையெல்லாம் களைந்துவிட்டுப் பேச வேண்டும் என்றால் தம்பி மாலைவரை வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பெரியாரின் பெயர் ராமசாமி. ராமனும் இருக்கிறான், சாமியும் இருக்கிறது. சாதிப் பட்டத்தைத் தூக்கி எறிந்தவர் அந்தப் பெயரை எறியவில்லை. ஆளைத் தாழ்த்துவது எது, வெறும் ஓசை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றும். 1932இல் அவர் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தபோது அங்கே தினமும் கேட்டிருக்கக்கூடிய சொல் "ஸ்பசீபா". நன்றி என்று பொருள். "கடவுள் காப்பாற்றட்டும்" என்பதுதான் அதன் மூலம். அந்த நாட்டுக்காரர்கள் 1929இல் ஏழு நாள் வாரத்தையே ஒழித்துப் பார்த்தார்கள், 1940இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ரஷ்ய மொழியில் உள்ள பெயருக்கு "உயிர்த்தெழுதல்" என்று அர்த்தம். அந்தப் பெயர் இதையெல்லாம் தாண்டி அப்படியே இருந்தது. அலமாரியில் உள்ள மாஸ்கோ புத்தகங்களை எழுதியவர்களும் அச்சிட்டவர்களும் எழுபது வருடம் "ஸ்பசீபா" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தம்பிக்கு இது பிடிக்கும்.

சொல்லில் எதுவுமே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. யோசித்து எடுக்கும் சொல்லில் நிறைய இருக்கிறது. உங்கள் அப்பா போன்றவர்கள் இரங்கல் சுவரொட்டிக்கு வாசகம் எழுதும்போது "இறைவனடி சேர்ந்தார்" என்று விடமாட்டார்கள். "இயற்கை எய்தினார்" என்று பார்த்துப் பார்த்துப் போடுவார்கள். பேனா பிடித்த கைக்கு யோசிக்க நேரம் உண்டு. ஊசி குத்திய வாய்க்கு அந்த நேரம் இல்லை.

அன்று இரவு வந்தது வெறும் பயம்தானா, அதற்கு அடியில் நம்பிக்கையும் கொஞ்சம் இருக்கிறதா என்று உங்களுக்கே சந்தேகம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஹெல்சிங்கியில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2014இல் வெளிவந்தது. "என் பெற்றோரைக் கடவுள் மூழ்கடிக்கட்டும்" என்கிற மாதிரி வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லச் சொன்னால், நம்பாதவர்களுக்கும் நம்புகிறவர்களைப் போலவே கை வியர்த்தது. உடனே "பார்த்தாயா, உள்ளே பயம் இருக்கு" என்று அத்தை கட்சிக்காரர்கள் துள்ள வேண்டாம். மனசு ஒப்புக்கொள்ளாத சொல்லுக்கும் உடம்பு பதறும் என்பதுதான் அதில் தெரிவது. வியர்வையை வைத்து நம்பிக்கையை அளக்க முடியாது, ஐசியு வாசலை வைத்தும் முடியாது. நாளைக்கு நீங்கள் நிதானமாக யோசித்துக் கோயிலுக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அது உங்கள் முடிவு. அப்பாவுக்குச் செய்த துரோகம் என்று அதில் ஒன்றும் கிடையாது. எந்த இருவருக்கு நடுவிலும் சொல்லாத ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அப்பாவிடமே கேளுங்கள், ஆனால் கேட்கிற விதம் உண்டு

அப்பாவின் நம்பிக்கை மாறவே மாறாது என்று நான் சொல்லவில்லை. சாவுக்குப் பக்கத்தில் போய்வந்த மனிதர், மாறலாம். மாறுவது அவர் உரிமை. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், அவருக்காக நர்ஸின் ஊசி சொல்லக்கூடாது.

பேச்சு போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அது தவறு. அதே சமயம், சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறு. அஃபேசியாவில் சிலருக்குப் புரிதல் நன்றாக இருக்கும், சிலருக்கு அதுவும் அடிபட்டிருக்கும். தெரபிஸ்ட்டிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அதற்குச் சோதனைகள் உண்டு.

வீட்டில் கேட்பதானால் கூட்டம் கூடாது. டிவியை அணைத்துவிட்டு, காலையில் அவர் களைக்காத நேரத்தில், நீங்கள் ஒருவர் மட்டும் உட்காருங்கள். வாயால் வரும் "சரி சரி"யை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் தானாக வருவதுதான். கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை, அல்லது எழுதிய இரண்டு அட்டைகளில் ஒன்றைத் தொட வேண்டும். முதலில் விடை உங்களுக்கே தெரிந்த கேள்விகள்: "இது நம்ம வீடா?", "நான் உங்க தங்கச்சியா?" இவற்றில் தவறில்லாமல் வந்த பிறகுதான் பெரிய கேள்வி. அதையும் இரண்டு பக்கமும் திருப்பிக் கேளுங்கள். "திருநீறு வேணுமா?" என்பதற்கு ஆமாம் என்றால், கொஞ்சம் பொறுத்து "திருநீறு வேண்டாமா?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் அன்று விட்டுவிட வேண்டியதுதான். வேறொரு நாள் மறுபடி கேட்டு, ஒரே விடை வந்தால் நம்பலாம்.

கடிதம் முழுக்க எனக்கு மறக்காமல் நின்றது அந்த இடது கைதான். வலது கைக்காரர், ஏழு வாரமாகப் படுக்கையில் இருப்பவர், தலையணையில் புதைந்திருந்த இடது கையை எடுத்து நெற்றிவரை கொண்டுபோய்த் துடைத்திருக்கிறார். "கடவுளே" தானாக வந்தது. அந்தக் கை தானாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை அரித்திருக்கலாம், நான் அங்கே இல்லை. அதற்காக இன்னொரு முறை பூசிப் பார்க்க வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அவர் நெற்றியை யாரும் தொட வேண்டாம். "வேண்டாம்" என்று சொல்ல வாய் இல்லாதவருக்குச் செய்யும் காரியம், திருநீறு ஆனாலும் கறுப்புச் சட்டை ஆனாலும் ஒன்றுதான்.

உடல்தானக் காகிதத்தைக் கிழிக்கவே கூடாது. நல்ல நினைவோடு, யோசித்து, கையெழுத்துப் போட்டு அவர் சொன்ன சொல் அது. தானாக வந்து விழுந்த ஒரு சொல்லுக்காக அதை ரத்து செய்ய முடியாது. அவரே மாற்ற நினைத்தால் மேலே சொன்னபடி கேட்டு மாற்றலாம். ஆனால் நடைமுறை ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும்போது கல்லூரிக்குத் தகவல் சொல்லி உடலை ஒப்படைப்பது குடும்பம்தான். வீட்டார் மனது வைக்காவிட்டால் காகிதம் அலமாரியிலேயே கிடக்கும். ஆகவே அத்தையோடு இப்போதே பேசிவிடுவது நல்லது. விவரங்களை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் கேளுங்கள். இது என் துறை இல்லை.

இன்னொரு ஆபத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்கு "கடவுளே" என்பதை அவர் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும் குடும்பம், நாளைக்கு "சரி சரி" என்பதைச் சொத்துப் பத்திரத்துக்குச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லாமல் இருக்கலாம். நான் பார்த்த வீடுகளில் இருந்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நிரந்தரமாக நின்றுவிட்ட அஃபேசியா அதில் வரும். இப்போதைக்கு அவசரம் இல்லை, தேற இன்னும் காலம் இருக்கிறது. பின்னால் தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

நின்றுபோன பயிற்சி

உண்மையில் எனக்குக் கவலை தந்தது இதுதான். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் பேச்சு வேகமாகத் திரும்பும். அதற்குப் பிறகும் தேறும், ஆனால் இந்த வேகம் இருக்காது. அதில் மூன்று வாரத்தைக் கொள்கைச் சண்டையில் விட்டிருக்கிறீர்கள்.

அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் அப்பா வாயில் எதையும் திணிக்கப் பார்க்கவில்லை. 1980இல் அமெரிக்காவில் எழுதி வைத்த ஒரு முறை உண்டு. நோயாளிக்குத் தானாக வரும் சொற்களை ஒவ்வோர் அட்டையில் எழுதுவோம். தானாக வந்த சொல்லை வேண்டும்போது படித்துச் சொல்லப் பழக்குவோம். இதற்குத்தான் மிச்சமிருக்கும் பொட்டலங்கள் வேண்டும் என்றேன். கிணற்றில் விழுந்தவருக்குக் கயிறு போடும்போது அது எந்தக் கோயில் தேரின் வடம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் தம்பி கேட்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, காரணம்தான் வேறு. ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டு எதற்கெடுத்தாலும் அதையே சொல்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு அந்தச் சொல்லையே பழக்கினால் அது இன்னும் இறுகிவிடும். அப்பா எந்த வகை என்பதை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும். "அய்யய்யோ", "சரி" இரண்டையும் வைத்துத் தொடங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பாட்டும் உதவும். பேச முடியாத பலருக்குப் பாட வரும். இயக்கப் பாட்டு எத்தனையோ அவருக்கு மனப்பாடம் இருக்கும், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பாடட்டும். கைபேசி இல்லாமல்.

எந்த அட்டை வேண்டும் என்று அப்பாவிடமே காட்டிக் கேளுங்கள். "கடவுளே" அட்டையைத் தள்ளிவிட்டால் விட்டுவிடலாம். எடுத்துக்கொண்டால் தம்பி பதற வேண்டாம். அந்த முறையில் ஒரு விதி இருக்கிறது. அட்டையில் உள்ளதைப் படிக்கப் போய் வாயில் வேறொரு சொல் வந்துவிட்டால், பழைய அட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வந்த சொல்லைப் புது அட்டையில் எழுதிவிடுவோம். "கடவுளே"வைப் பார்த்து "கட்டில்" என்று வரலாம், "கடை" என்று வரலாம். "கடலை" என்று வந்தால் அன்று மாலையே ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கி வாருங்கள். கையில் மட்டும் கொடுங்கள். விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லும்வரை வாயில் போட வேண்டாம், புரையேறிவிடும்.